பறவையைப் பிடித்த சிலந்தி: ஒரே ஓவியத்தால் பொய்காரி பட்டம் வாங்கிய மரியா மெரியன்

ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போடுகிறீர்கள். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு, பழுப்பு நிறத்தில், தட்டையாக ஒரு எட்டுக்கால் பூச்சி. விளக்குமாறை எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஆளைக் காணோம். அன்றைக்கு முழுக்க வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

இந்தச் சிலந்தியின் அறிவியல் பெயர் ஹெட்டிரோபோடா வெனடோரியா. இது வலை கட்டாது. ஓடித் துரத்திக் கரப்பான் பூச்சியைப் பிடிக்கும். பெண் சிலந்தி தன் முட்டைப் பையை வட்ட வில்லை மாதிரி உடம்புக்கு அடியில் தூக்கிக்கொண்டே திரியும். சென்னையில் நீங்கள் பார்ப்பதும், இலங்கையிலும் கியூபாவிலும் ஹவாயிலும் வீட்டுச் சுவர்களில் ஓடுவதும் ஒரே இனம்தான். ஆசியாவில் தோன்றி, சரக்குக் கப்பல்களில் ஏறி, உலகத்தின் வெப்பமண்டலக் கரைகளுக்கும் தீவுகளுக்கும் பரவியது என்பதுதான் பரவலான கருத்து.

1705-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான ஒரு புத்தகத்தின் 18-வது படத்தில் இதே சிலந்தி இருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனால் அந்தப் படத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. காரணம், பக்கத்திலேயே கறுப்பாக, ரோமம் அடர்ந்த இன்னொரு பெரிய சிலந்தி, மல்லாந்து கிடக்கும் ஒரு சின்னப் பறவையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சிலந்திக்காக, அதை வரைந்தவர் இறந்து நூறு வருடம் கழித்து அவரைப் பொய் சொன்னவர் என்று முத்திரை குத்தினார்கள்.

வரைந்தவர் பெயர் மரியா சிபில்லா மெரியன்.

யார் இந்த மரியா?

1647 ஏப்ரல் 2-ம் தேதி ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். அப்பா மத்தேயஸ் மெரியன், அந்தக் காலத்தில் பெயர்பெற்ற செப்புத்தகடு ஓவியர், பதிப்பாளர். மரியாவுக்கு மூன்று வயதாகும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்ட யாகோப் மாரெலும் ஓவியர். பூக்களை வரைவது அவர் தொழில். வீட்டிலேயே பட்டறை இருந்ததால் மரியா சின்ன வயதிலேயே தூரிகை பிடித்துவிட்டார்.

13 வயதில் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். முட்டை, புழு, கூடு, அந்து என்று ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் குறித்து வைத்தார். இதில் என்ன பெரிய விஷயம் என்று இன்றைக்குத் தோன்றும். ஆனால் அது 1660. சேற்றிலிருந்தும் அழுகிய இறைச்சியிலிருந்தும் பூச்சிகள் தானாக உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். அது தவறு என்று இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி தன் சோதனைகளை வெளியிட்டதே 1668-ல்தான்.

1665-ல் மாற்றாந்தந்தையின் மாணவரான யோஹான் கிராஃப் என்பவருடன் கல்யாணம். இரண்டு பெண் குழந்தைகள்: யோஹன்னா ஹெலெனா, டொரோத்தியா மரியா. குடும்பம் நியூரெம்பர்க் நகருக்குப் போனது. அங்கே எண்ணெய் வண்ணத்தில் வரைந்து விற்கும் உரிமை ஆண் ஓவியர்களின் சங்கத்திடம் இருந்ததால், மரியா நீர்வண்ணத்தில் வரைந்தார். பணக்கார வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூவேலையும் சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டுத் தோட்டங்களில் கம்பளிப்பூச்சி தேடினார். 1679-லும் 1683-லும் கம்பளிப்பூச்சிகள் பற்றி இரண்டு தொகுதிகள் வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 50 படங்கள். ஒவ்வொரு படத்திலும் பூச்சியோடு சேர்த்து அது தின்னும் செடியும் இருக்கும். பூச்சியைத் தனியாக ஊசியில் குத்தி வரைவதுதான் அன்றைய வழக்கம். மரியா ஒரு பூச்சி எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, அதை எது தின்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்தார்.

திருமணம் நிலைக்கவில்லை. 1680-களின் நடுவில் கணவரை விட்டுவிட்டு, வயதான அம்மாவையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு, நெதர்லாந்தின் வடக்கே வீவெர்ட் என்ற ஊரில் இருந்த லபாடிஸ்ட் என்ற கிறிஸ்தவக் குழுவில் சேர்ந்துவிட்டார். கணவர் தேடிக்கொண்டு வந்தார். மரியா திரும்பிப் போகவில்லை. அந்தக் குழு இருந்த மாளிகை, சூரினாமின் ஆளுநர் குடும்பத்துக்குச் சொந்தமானது. சூரினாம் என்ற பெயர் மரியாவின் வாழ்க்கைக்குள் நுழைந்தது அந்த வீட்டு வழியாகத்தான்.

255 ஓவியங்களை விற்று ஒரு கப்பல் பயணம்

1691-ல் மகள்களோடு ஆம்ஸ்டர்டாம் வந்தார். உலகம் முழுக்க இருந்து கப்பல்கள் வந்து நிற்கும் ஊர். பணக்காரர்கள் வீட்டு அலமாரிகளில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பட்டாம்பூச்சிகள், சங்குகள், பாம்புகள். எல்லாம் அழகாக அடுக்கி, செத்துப்போய். இந்தப் பட்டாம்பூச்சி எந்தப் புழுவிலிருந்து வந்தது, அந்தப் புழு எந்த இலையைத் தின்றது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. டேட்டா இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்ற விவரம் இல்லை. என் மாதிரி ஆட்களுக்கு இந்த எரிச்சல் நன்றாகப் புரியும்.

1699-ல் மரியா தன் 255 ஓவியங்களை விற்றார். உயில் எழுதி வைத்தார். 52 வயதில், இளைய மகள் டொரோத்தியாவோடு சூரினாமுக்குக் கப்பல் ஏறினார். அரசன் அனுப்பவில்லை, கம்பெனி அனுப்பவில்லை. துணைக்கு ஆண் இல்லை. இரண்டு பெண்கள், சொந்தக் காசு.

சூரினாம் தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில் இருக்கிறது. அன்றைக்கு அது டச்சுக்காரர்களின் கரும்புத் தோட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் சர்க்கரை காய்ச்சும் நாடு. சர்க்கரையைத் தவிர வேறு எதைத் தேடினாலும் தோட்ட முதலாளிகள் தன்னைக் கேலி செய்தார்கள் என்று மரியா எழுதி வைத்திருக்கிறார்.

காட்டுக்குள் வழி வெட்டியது யார்? புழுக்களைப் பிடித்து வந்தது யார்? அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களும் அந்த மண்ணின் பூர்வகுடிகளும். மரியாவும் அடிமை உழைப்பைப் பயன்படுத்தியவர்தான், இதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் அவர் அவர்களிடம் கேட்டார். இந்தச் செடிக்கு என்ன பயன், இந்தப் பூச்சி எப்போது வரும், இதைத் தின்னலாமா என்று விசாரித்து, பதிலைப் புத்தகத்தில் போட்டார்.

அதில் ஒன்று, நம்ம ஊர் வீட்டு வாசல்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து நிற்கும் மயில்கொன்றை பற்றியது. தங்களுக்குப் பிறக்கும் குழந்தையும் அடிமையாக வளரக் கூடாது என்று, சூரினாமின் அடிமைப் பெண்கள் இதன் விதையைத் தின்று கருவைக் கலைத்தார்கள் என்று மரியா பதிவு செய்தார். அந்தப் பெண்களே தன்னிடம் சொன்னதாக எழுதினார். தோட்டக் கணக்குப் புத்தகங்களில் இந்தத் தகவலைத் தேடிப் பார்க்க முடியாது.

ஐந்து வருடம் இருப்பதாகத் திட்டம். காய்ச்சல் படுத்தியதால் இரண்டு வருடத்துக்குள் கிளம்ப வேண்டியதாயிற்று. 1701-ல் ஒரு பூர்வகுடிப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் திரும்பினார். நான்கு வருடம் கழித்து, 1705-ல், சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் என்ற அந்தப் பெரிய புத்தகம் வந்தது. 60 படங்கள். டச்சிலும் லத்தீனிலும்.

18-வது படத்தில் என்ன இருக்கிறது?

ஒரு கொய்யாக் கிளை. இலைகளை அரித்துக்கொண்டு போகும் எறும்புகள். ஒன்றை ஒன்று பிடித்துப் பாலம் கட்டும் எறும்புகள். ஓடும் பழுப்புச் சிலந்திகள். ரோமம் அடர்ந்த பெரிய சிலந்திகள். ஒரு குட்டிக் கூடு, அதில் நான்கு முட்டைகள். கூட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய சிலந்தியின் பிடியில் ஹம்மிங்பேர்ட் எனப்படும் ரீங்காரச்சிட்டு.

இந்தச் சிலந்திகளைக் கொய்யா மரத்தில் நிறையப் பார்த்ததாக மரியா எழுதுகிறார். எறும்பு கிடைக்காதபோது கூட்டிலிருந்து சின்னப் பறவைகளைப் பிடித்து ரத்தத்தை உறிஞ்சும் என்கிறார். பிடித்ததைக் கண்ணால் பார்த்தாரா, யாரோ சொல்லிக் கேட்டாரா என்பதை அவர் எழுத்து பிரித்துச் சொல்லவில்லை. இந்த இடைவெளிதான் பின்னால் பிரச்சினை ஆனது.

புத்தகம் பேர் வாங்கியது. பணம் அவ்வளவாக வரவில்லை. 1715-ல் பக்கவாதம் தாக்கியது. 1717 ஜனவரி 13-ம் தேதி மரியா இறந்தார். ஏறக்குறைய அதே நாட்களில் ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டரின் மருத்துவர் அவருடைய நீர்வண்ண ஓவியங்களில் ஒரு பெரிய தொகுப்பை மன்னருக்காக வாங்கினார். மகள் டொரோத்தியா பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய் அங்கேயே வேலை பார்த்தார்.

1758-ல் சுவீடனின் லின்னேயஸ் அந்தப் பெரிய சிலந்திக்குப் பெயர் வைத்தபோது, சின்னப் பறவை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அவிகுலேரியா என்று வைத்தார். லின்னேயஸ் சூரினாமுக்குப் போனவர் இல்லை. மரியாவின் படங்கள்தான் அவர் கையில் இருந்தன.

தீவுகளில் இருந்து வந்த மறுப்பு

பிரச்சினை 1834-ல் வெடித்தது. ஒரே வருடத்தில் இரண்டு தாக்குதல், இரண்டும் கரீபியன் தீவுகளோடு தொடர்புடையவை.

முதலாமவர் லான்ஸ்டவுன் கில்டிங். செயின்ட் வின்சென்ட் தீவில் பிறந்த பாதிரியார், இயற்கை ஆர்வலர். மரியாவின் புத்தகத்தைப் படம் படமாக எடுத்துக் கிழித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அது அச்சில் வந்தபோது அவரே உயிரோடு இல்லை. சூரினாமில் கால் வைக்காமலேயே அந்தப் புத்தகத்தை உதவாக்கரை என்று ஒதுக்கினார். அவர் அலசியது மரியா மேற்பார்வையிட்ட பதிப்பும் அல்ல. மரியா இறந்த பிறகு வந்த பதிப்புகளில் மற்றவர்கள் படங்களைச் சேர்த்தார்கள், இஷ்டத்துக்கு வண்ணம் பூசினார்கள். அந்தத் தவறுகளும் அவர் கணக்கில்தான் எழுதப்பட்டன.

இரண்டாமவர் வில்லியம் ஷார்ப் மெக்லே. இவர் கதைதான் எனக்குச் சுவாரசியம். கியூபாவின் ஹவானாவில் பிரிட்டிஷ் அதிகாரி. அடிமை வியாபாரத்தைத் தடுக்க அமைக்கப்பட்ட பிரிட்டிஷ்-ஸ்பானிய நீதிமன்றத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் பூச்சி ஆராய்ச்சி. மரியா சொன்னது சரியா என்று சோதிக்க, உயிருள்ள ஒரு ரீங்காரச்சிட்டைப் பெரிய சிலந்தியின் வளைக்குள் போட்டுப் பார்த்தார். சிலந்தி அதைத் தொடவில்லை, விலகிப்போனது. இந்த வகைச் சிலந்திகள் தரைக்கு அடியில் வளையில் வாழ்பவை, பறவையைப் பிடிக்க அவற்றுக்கு வழியே இல்லை என்று முடிவு கட்டி, லண்டன் விலங்கியல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார்.

முறைப்படி பார்த்தால் மெக்லே செய்தது நல்ல காரியம். கேள்விப்பட்டதை அப்படியே நம்பாமல் சோதித்தார். ஆனால் அவர் எடுத்த சாம்பிள் ஒரு தீவு, தரையில் வளை தோண்டி வாழும் ஒரு வகைச் சிலந்தி. மரியா வரைந்தது சூரினாமில் மரத்தில் வாழும் வகை. கியூபாவில் கிடைத்த பதிலை சூரினாமுக்கு ஒட்டியதில்தான் கோளாறு. இந்தத் தப்பை நாங்கள் இன்றைக்கும் செய்கிறோம். ஒரு நகரத்து சர்வேயை எடுத்து மாநிலம் முழுக்கப் பூசிவிடுவோம்.

அந்தக் கால விமர்சனங்களில் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: மரியா அடிமைகளும் பூர்வகுடிகளும் சொன்னதை நம்பிவிட்டார் என்பது. அதாவது, சாட்சி சொன்னவர்கள் யார் என்பதை வைத்தே சாட்சியத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவர்களின் சொல்லுக்கு, பக்கத்துத் தீவில் உட்கார்ந்திருந்தவரின் ஒரு சோதனைக்கு இருந்த மதிப்புகூட இல்லை.

சில வருடங்கள் கழித்து மெக்லே ஆஸ்திரேலியா போய் சிட்னியில் குடியேறினார். அங்கே ஒருநாள், வலை பின்னும் ஒரு பெரிய சிலந்தியிடம் பறவைக் குஞ்சு ஒன்று சிக்கியிருப்பதை நேரில் பார்த்தார். பார்த்ததும் தன் பழைய கருத்தைத் திருத்தி எழுதி அனுப்பினார். இதற்காக அவரை மதிக்கிறேன். திருத்தம் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடைசி முடிச்சை அவிழ்த்தவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். அமேசான் காடுகளில் 11 வருடம் அலைந்தவர். அமேசான் பகுதியில் கமெட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு மரத்தின் பிளவில் அடர்த்தியான வலை. அதில் இரண்டு சிறிய பறவைகள். ஒன்று செத்துவிட்டது, இன்னொன்று சிலந்திக்கு அடியில் உயிர் போகும் நிலையில். சிலந்தியை விரட்டிவிட்டுப் பறவைகளைக் கையில் எடுத்தார். இரண்டாவதும் இறந்தது. 1863-ல் வந்த அவருடைய பயண நூல் இதைச் சொன்ன பிறகுதான் மரியாவின் மேல் விழுந்த கறை வெளுக்கத் தொடங்கியது. புத்தகம் வந்து 158 வருடம் ஆகியிருந்தது.

அதே நூலில் பேட்ஸ் சொல்லும் இன்னொரு காட்சி: பூர்வகுடிக் குழந்தைகள் இப்படி ஒரு சிலந்தியின் இடுப்பில் கயிறு கட்டி, நாய்க்குட்டியை நடத்திப்போவது மாதிரி வீட்டுக்குள் இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்போ மரியா சொன்னது எல்லாமே சரியா?

இல்லை. ரீங்காரச்சிட்டு வழக்கமாக இரண்டு முட்டைதான் இடும், மரியாவின் கூட்டில் நான்கு. வெவ்வேறு இடத்தில் வாழும் எறும்பு வகைகளை ஒரே கிளையில் ஏற்றிவிட்டார். விளக்குப்பூச்சி என்ற ஒன்று, படிக்கும் அளவுக்கு இரவில் ஒளி வீசும் என்று எழுதினார், அது ஒளி வீசுவதில்லை. சிலந்தி விஷயத்திலும் ஒரு திருத்தம் தேவை. அவிகுலேரியாவின் தினசரிச் சாப்பாடு பூச்சிகள்தான். எப்போதாவது தவளை, பல்லி. பறவை என்பது அபூர்வம். இன்று வரை பதிவான சம்பவங்களில் அதிகம் பறவை பிடித்தவை இந்த ரோமச் சிலந்திகள் அல்ல, மெக்லே சிட்னியில் பார்த்தது மாதிரி பெரிய வட்ட வலை கட்டும் சிலந்திகள்.

கடித்தால் செத்துவிடுவோமா என்பதுதான் பலருடைய முதல் கேள்வியாக இருக்கும். டரான்டுலா வகைச் சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. அவிகுலேரியாவிடம் கடியைவிடத் தொந்தரவானது அதன் ரோமம். தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. சிலந்தியைப் பதப்படுத்தும்போது பேட்ஸே இதில் மாட்டிக்கொண்டு தவித்தார். பாத்ரூம் சிலந்தி பிடித்து நசுக்கினால் கடிக்கலாம். கொஞ்ச நேரம் வலிக்கும், வீங்கும், அவ்வளவுதான்.

நம்ம பக்கத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது பெசிலோதேரியா என்ற மரப்பொந்துச் சிலந்திகளிடம். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கும் பேரினம். இவற்றுக்கு அரிக்கும் ரோமம் கிடையாது, ஆனால் கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். இதில் ஒரு இனம் 2004-ல் ராமேஸ்வரம் தீவிலிருந்து விவரிக்கப்பட்டது. அது மிகவும் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 2009-ல் இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் கிராமத்து மக்கள் ஒரு பெரிய சிலந்தியை அடித்துக் கொன்று, அதை ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் அதைத் தூக்கிப் போடவில்லை. அந்தப் பகுதியிலேயே தேடினார்கள். 2012-ல் அது புதிய இனம் என்று அறிவியல் இதழில் வெளியானது.

மரியாவின் முகம் 1990-களில் ஜெர்மனியின் 500 மார்க் நோட்டில் அச்சாகி, யூரோ வரும் வரை புழங்கியது. 2017-ல் பிரேசில் ஆய்வாளர்கள் அவிகுலேரியா குடும்பக் கணக்கை முழுசாகச் சரிபார்த்தபோது, புதிதாகக் கண்ட ஒரு இனத்துக்கு அவிகுலேரியா மெரியனே என்று அவர் பெயரை வைத்தார்கள். அது பெரு நாட்டுச் சிலந்தி. மரியா அங்கே போனதே இல்லை.